கேள்வி ஞானம் தந்த குரல்

இசையைப் பற்றிப் பேசும்போது தமிழர் 'கேள்வி ஞானம்' என்றொரு சொல்லைப் பயன்படுத்துவர். பிறர் பாடுவதைக் காதாரக் கேட்டுக் கேட்டே ஒருவர் பெறும் இசையறிவை அச்சொல் குறிக்கும். அவ்வறிவு எந்த ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் மட்டும் உரியதன்று. காதைத் திறந்து வைத்திருப்பவர் எங்கிருந்தாலும் அது கைகூடும். இங்கிலாந்துப் பாடகி அடேலின் தொடக்க காலம் இதற்கு நல்லதொரு சான்று.

அடேல் புகழ் பெற்ற கதையைப் பலரும் மிகச் சுருக்கமாகச் சொல்வதுண்டு. பள்ளி மாணவி ஒருவர் மூன்று பாடல்களைப் பதிவு செய்தார். அவை இணையத்தில் ஏறின. இசை நிறுவனம் அவரைத் தேடி வந்தது. உலகமே அவரை அறிந்துகொண்டது. இக்கதையில் பொய் ஏதுமில்லை. ஆனால், மரத்தின் கனியை மட்டும் காட்டி வேரை மறைக்கும் கதை இது. அந்த மூன்று பாடல்களுக்கு முன்னால் பல ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் பாடியதைவிடக் கேட்டதே அதிகம் எனலாம்.

அடேல் 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் வட லண்டனில் உள்ள டோட்டன்ஹாம் பகுதியில் பிறந்தார். அவருடைய தாயார் மிக இளம் வயதிலேயே தாயானவர். அடேல் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்தார். தாயார் தனி ஒருவராக நின்று மகளை வளர்த்தார். தாயும் மகளும் சில காலம் கடற்கரை நகரமான பிரைட்டனில் வாழ்ந்தனர். பிறகு லண்டனுக்கே திரும்பி, நகரின் தென்பகுதியில் குடியேறினர். அவ்வீட்டில் பெரிய வசதிகள் இல்லை. ஆனால், பாட்டுக்குக் குறைவில்லை. நான்கு வயது முதலே அடேல் பாடத் தொடங்கினார். ஒவ்வொரு பாடகரின் குரலும் ஏன் வெவ்வேறாக ஒலிக்கிறது என்னும் வியப்பு அந்தச் சிறுமியை விடவே இல்லை.

அடேல் பின்னாளில் பாடத் தேர்ந்தெடுத்த இசை வகைக்குச் 'சோல்' என்று பெயர். சோல் என்றால் ஆன்மா என்று பொருள். 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே இவ்விசை உருவாயிற்று. தேவாலயங்களில் அவர்கள் உள்ளம் உருகப் பாடிய வழிபாட்டுப் பாடல்களும், நகரங்களில் ஒலித்த 'ரிதம் அண்ட் புளூஸ்' இசையும் கலந்து பிறந்தது அது. அடிமை வாழ்வின் நினைவும் நிறவெறியின் கொடுமையும் தாங்கிய ஒரு சமுதாயம், தன் துயரையும் நம்பிக்கையையும் குரலில் ஏற்றிப் பாடியது. எனவே, சோல் இசையில் குரலின் இனிமை மட்டும் போதாது. பாடுபவரின் நெஞ்சில் இருப்பது கேட்பவரின் நெஞ்சைத் தொட வேண்டும். ரே சார்ல்ஸ், அரீத்தா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெடிங், எட்டா ஜேம்ஸ் முதலியோர் இவ்விசையை வளர்த்த பெருங்கலைஞர்கள்.

இவர்களுள் எட்டா ஜேம்ஸ் அடேலின் வாழ்க்கைக்குள் வந்த விதம் சுவையானது. அடேல் தம் பதின்ம வயதின் தொடக்கத்தில் ஒரு கடையில் மலிவு விலைக்குக் கிடந்த குறுந்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவற்றுள் எட்டா ஜேம்ஸின் குறுந்தட்டு ஒன்றும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குறுந்தட்டு ஒன்றும் இருந்தன. அவற்றை அவர் இசைக்காக வாங்கவில்லை. எட்டா ஜேம்ஸின் கூந்தல் அலங்காரம் அவரைக் கவர்ந்தது. அதே போன்ற அலங்காரம் வேண்டும் என்று முடிதிருத்துநரிடம் காட்டுவதற்காகவே அட்டைப் படத்துடன் அதை வாங்கினார். வீட்டிற்கு வந்த குறுந்தட்டு ஒரு மூலையில் கிடந்தது. பிறகு ஒரு நாள் அறையைத் துப்புரவு செய்தபோது அது மீண்டும் கண்ணில் பட்டது. சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று அதை ஒலிக்கவிட்டார். இந்நிகழ்ச்சியை அடேலே பேட்டிகளில் நகைச்சுவையோடு கூறியுள்ளார்.

அன்று ஒலித்த குரல் அவரை உலுக்கியது. அதன்பின் அக்குறுந்தட்டு மூலைக்குத் திரும்பவில்லை. எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எந்தச் சொல்லைத் தாழ்த்திக் கூற வேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், அழுகை வரும் இடத்தில் குரலை எவ்வாறு உடையவிட வேண்டும் என்பவற்றையெல்லாம் எட்டா ஜேம்ஸின் பாட்டில் கற்க முடிந்தது. சுரங்களை நுட்பமாக அளந்து பாடும் திறத்தை எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாட்டு காட்டியது. ஒருவர் சிகாகோ நிறுவனத்திற்காகப் பாடிப் புகழ் பெற்றவர்; மற்றவர் நியூயார்க்கில் வளர்ந்த ஜாஸ் பாடகி. தென் லண்டனின் ஒரு சிறிய அறையில் தமக்கு ஒரு மாணவி இருந்ததை எட்டா ஜேம்ஸ் அப்போது அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி ஞானம் தனியாக நின்றால் போதுமா? அதை வளர்க்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் அடேலுக்குப் பள்ளி வடிவில் கிடைத்தது. தென் லண்டனின் குரோய்டன் பகுதியில் 1991ஆம் ஆண்டு பிரிட் பள்ளி தொடங்கப்பட்டது. இசை, நடனம், நாடகம் போன்ற கலைகளுக்கான பள்ளி அது. அரசின் நிதியும் பிரிட்டிஷ் இசைத்துறையின் ஆதரவும் பெற்று இயங்கும் அப்பள்ளியில் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட இயலாத குடும்பத்தைச் சேர்ந்த அடேல் போன்றோருக்கு இது பெரும் வாய்ப்பு. 14 வயதில் அங்குச் சேர்ந்த அவர், 2006ஆம் ஆண்டு மே மாதம் படிப்பை முடித்தார். பின்னாளில் பெயர் பெற்ற பாடகியர் லியோனா லூயிஸ், ஜெஸ்ஸி ஜே ஆகியோரும் அக்காலத்தில் அங்குப் பயின்றவர்களே.

பள்ளியில் சேர்ந்த தொடக்கத்தில் பாடகியாக வேண்டும் என்னும் உறுதி அடேலுக்கு இல்லை. இசை நிறுவனங்களில் புதிய திறமையாளர்களைக் கண்டறிந்து வளர்த்துவிடும் பணியே அவரை ஈர்த்தது. மேடையில் நிற்பதைவிட, மேடைக்கு ஏற்றவர் யார் என்று கேட்டறியும் காதையே அவர் முதலில் நம்பினார் போலும். அவர் குறையே இல்லாத மாணவியும் அல்லர். காலையில் எழ முடியாமல் பல மணி நேரம் தாமதமாகப் பள்ளிக்கு வந்த நாள்கள் உண்டு. ஒருமுறை, வெளியூர் விழா ஒன்றில் பாடச் செல்ல வேண்டிய நாளில் தூங்கிவிட்டார். அதனால் பள்ளியைவிட்டே நீக்கப்படும் நிலைக்கு வந்ததாக அவரே கூறியிருக்கிறார். அன்று ஏற்பட்ட அதிர்ச்சி, நேரத்தின் அருமையை அவருக்கு உணர்த்தியது.

அவருக்கு 16 வயதானபோது பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றித் தாய்க்கும் மகளுக்கும் இடையே வாக்குவாதம் ஏற்பட்டது. மகள் வீட்டைவிட்டு வெளியே சென்று படிக்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். லண்டனைப் பிரிய மகளுக்கு மனம் வரவில்லை. அந்த மனநிலையில் தாம் வாழும் நகரத்தைப் பற்றி அவர் எழுதிய பாடலே 'ஹோம்டவுன் குளோரி'. சொந்த ஊரின் பெருமை என்பது அத்தலைப்பின் பொருள். எட்டா ஜேம்ஸைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அமெரிக்காவைப் பற்றியோ தாம் காணாத துயரைப் பற்றியோ எழுதவில்லை. தாம் அன்றாடம் நடந்த தெருக்களையும் கண்ட மனிதர்களையும் பாடினார். இந்த இடத்தில்தான் கேள்வி ஞானமும் போலச் செய்தலும் பிரிகின்றன. பிறர் குரலை அப்படியே திருப்பித் தருவது போலி. பிறரிடம் கற்ற திறனைக் கொண்டு தன் வாழ்வைச் சொல்வதே கலை.

பள்ளிப் பாடத்தின் ஒரு பகுதியாக அடேல் மூன்று பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றை ஒரு நண்பரிடம் கொடுத்தார். அந்த நண்பர் அவற்றை அக்காலத்தில் இளையரிடையே பரவியிருந்த 'மைஸ்பேஸ்' சமூக வலைத்தளத்தில் ஏற்றினார். பாடல்களைக் கேட்ட எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்னும் லண்டன் இசை நிறுவனம் அவரைத் தொடர்புகொண்டது. அடேல் அதை நம்பவில்லை. அந்நிறுவனத்தின் பெயர் அவருக்குப் பழக்கமானதாக இல்லை. இணையத்தின் வழியாக வரும் அழைப்பு ஏமாற்றாக இருக்கலாம் என்று எண்ணி, முதல் சந்திப்புக்குத் துணையாகக் கித்தார் இசைக்கும் நண்பர் ஒருவரை அழைத்துச் சென்றார். 18 வயதுப் பெண்ணின் இந்த எச்சரிக்கை பாராட்டத்தக்கது. அழைப்பு உண்மையானதுதான். பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு மாதங்களில், 2006ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அடுத்த ஆண்டு அவருக்குப் பல கதவுகள் திறந்தன. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் புகழ்பெற்ற பிபிசி தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் பாடினார். அதே நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கும் பங்கேற்றனர். ஓர் இசைத்தொகுப்புகூட வெளியிடாத பெண், அத்தகைய மேதைகளின் நடுவில் கித்தாரை மீட்டிப் பாடினார். அவ்வாண்டு அக்டோபரில் 'ஹோம்டவுன் குளோரி' இசைத்தட்டாக வெளிவந்தது. அச்சிட்டவை 500 தட்டுகள் மட்டுமே.

2008ஆம் ஆண்டு பிறந்தபோது எதிர்பார்ப்பு மலைபோல் உயர்ந்திருந்தது. அவ்வாண்டின் நம்பிக்கைக்குரிய புதிய கலைஞர் யார் என்று பிபிசி நடத்திய கணிப்பில் அடேல் முதலிடம் பெற்றார். பிரிட் விருதுகளில் புதிதாக ஏற்படுத்தப்பட்ட விமர்சகர் தேர்வு விருதும் முதன்முதலாக அவருக்கே அறிவிக்கப்பட்டது. முதல் தொகுப்பு வெளிவரும் முன்பே இத்தனை பாராட்டு! இது மகிழ்ச்சியா, சுமையா? நன்றாகப் பாடினால் 'எதிர்பார்த்ததுதானே' என்பார்கள். சற்றே தவறினால் 'இவருக்கா விருது?' என்பார்கள். போதாததற்கு, சில ஆண்டுகளுக்கு முன் புகழ் பெற்றிருந்த சோல் பாடகி ஏமி வைன்ஹவுஸோடும் அவரை ஒப்பிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் அடேல் பாட்டாலேயே விடை தந்தார். 2008 ஜனவரியில் வெளிவந்த தொகுப்புக்குத் தம் வயதையே பெயராகச் சூட்டினார்: '19'. அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அமெரிக்கா அவரை அறிந்துகொள்ள இன்னும் சில மாதங்கள் ஆயின. 2008 அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அங்கு அதிபர் தேர்தல் நேரம். துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் அந்நிகழ்ச்சியில் தோன்றியதால், 14 ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பார்வையாளர் கூட்டம் பெருகியது. அரசியலைப் பார்க்க வந்தவர்கள் பாட்டையும் கேட்டனர். கூட்டம் திரண்டது தற்செயல்தான். ஆனால், கேட்டவர்கள் அவர் தொகுப்பைத் தேடிச் சென்று வாங்கியது தற்செயல் அன்று. 2009 பிப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது உட்பட இரண்டு கிராமி விருதுகளை அவர் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20.

2011 ஜனவரியில் அவருடைய இரண்டாவது தொகுப்பு '21' வெளியானது. மறுமாதம் நடந்த பிரிட் விருது விழாவில் 'சம்வன் லைக் யூ' என்ற பாடலைப் பாடினார். பிற கலைஞர்கள் நடனக் குழுவும் வண்ண விளக்குமாக மேடையை நிறைத்த விழா அது. அடேலுடன் இருந்தது ஒரே ஒரு பியானோ. அசையாமல் நின்று, பிரிவின் வலியைச் சொல்லும் அப்பாடலைப் பாடி முடித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. சில நாள்களில் அப்பாடல் பிரிட்டனில் முதலிடத்தை எட்டியது. '21' தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 24 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. உலகெங்கும் 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

இவ்வளவு புகழும் அவருடைய குரல்வளைக்குள் இருந்த இரு சிறு மடிப்புகளை நம்பியே நின்றது. குரல்நாண்கள் எனப்படும் அவை, பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உடையவை. இயல்பாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. உயர்ந்த சுரங்களைப் பாடும்போது அவ்வெண்ணிக்கை 500, 600 என உயர்ந்துகொண்டே போகும். தொண்டையில் அழற்சி இருக்கும்போது ஓய்வு கொடுக்காமல் உரக்கப் பாடினால், அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடிக்கக்கூடும். வயலின் நரம்பு அறுந்தால் புதியது வாங்கி மாட்டலாம். குரல்நாணுக்கு மாற்று ஏது?

2011ஆம் ஆண்டு முழுவதும் அந்த ஆபத்து அடேலைத் துரத்தியது. உடல்நிலை இடம் தராததால் அமெரிக்க நிகழ்ச்சிகள் ஒத்திவைக்கப்பட்டன. சற்றுத் தேறியதும் பாடினார்; மீண்டும் குரல் கெட்டது. நுழைவுச்சீட்டு வாங்கிக் காத்திருந்த மக்களை ஏமாற்ற அவருக்கு மனமில்லை, தொண்டையோ ஒத்துழைக்கவில்லை. இறுதியில் அக்டோபரில் எஞ்சிய நிகழ்ச்சிகள் அனைத்தையும் கைவிட்டார். குரல்நாணில் தீங்கற்ற சிறு கட்டியும் இரத்தக் கசிவும் இருந்தன. அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. அதுவோ அச்சம் தரும் வழி. புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமான ஜூலி ஆண்ட்ரூஸ், 1997இல் தொண்டையில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின் தம் பழைய பாடும் குரலை மீண்டும் பெறவில்லை. இசையுலகம் அறிந்த செய்தி அது. புகழின் உச்சியில் இருந்த 23 வயதுப் பெண், தம்மிடம் இருந்த ஒரே கருவியை மருத்துவரின் கையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

2011 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மருத்துவர் ஸ்டீவன் சைட்டல்ஸ் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அதன்பின் அடேலுக்கு விதிக்கப்பட்டது பாட்டுப் பயிற்சி அன்று, பேசா நோன்பு. பல வாரங்கள் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. கலகலப்பாகப் பேசுவதில் பெயர் பெற்ற அவர், சொல்ல வேண்டியதைக் கைத்தொலைபேசியில் தட்டெழுதினார். அதிலிருந்த செயலி அதை ஒலியாக்கிச் சொன்னது. குரல் திரும்புமா, திரும்பினாலும் அதே குரலாக இருக்குமா என்பதை அறியாமலேயே அந்த வாரங்கள் கழிந்தன. பாடுவதற்குத் துணிவு வேண்டும். பாடாமல் இருப்பதற்கு அதைவிட மிகுந்த துணிவு வேண்டும்.

2012 ஜனவரி 20ஆம் நாள், கலிஃபோர்னியாவில் எட்டா ஜேம்ஸ் தம் 73ஆம் வயதில் காலமானார். சில வாரங்கள் கழித்து, பிப்ரவரி 12ஆம் நாள், அதே கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கிராமி விருது விழா நடைபெற்றது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அடேல் பெருமேடையில் பாடவிருந்த நாள் அது. 'ரோலிங் இன் த டீப்' பாடலின் முதல் அடிகளை இசைக்கருவிகளின் துணையின்றித் தனிக்குரலில் தொடங்கினார். குரல் தெளிவாக எழுந்தது. பாடி முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்றிரவு, பரிந்துரைக்கப்பட்டிருந்த ஆறு பிரிவுகளிலும் விருது அவருக்கே கிடைத்தது.

எண்ணிக்கைகளைப் பார்ப்பவர்களுக்கு அன்றைய செய்தி ஆறு விருதுகள். ஆனால், அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எட்டா ஜேம்ஸ் தம் ஐந்தாம் வயதில் லாஸ் ஏஞ்சலஸ் தேவாலயம் ஒன்றில் பாடத் தொடங்கியவர். அவர் பாடியது குறுந்தட்டாகி, கடல் கடந்து, லண்டனில் ஒரு கடையின் மலிவுப் பிரிவில் கிடந்தது. கூந்தல் அலங்காரத்துக்காக அதை வாங்கிய சிறுமி, ஒரு நாள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அவள் வளர்ந்து, தன் ஊரைப் பற்றியும் தன் துயரைப் பற்றியும் பாடினாள். ஓர் இனம் தன் வேதனையில் உருவாக்கிய இசை, இப்படித்தான் தலைமுறை கடந்தும் கடல் கடந்தும் பயணம் செய்கிறது. தம் குரலில் தமக்கு முன் பாடியவர்களின் பங்கு உண்டு என்பதை அடேல் மறைத்ததே இல்லை. எட்டா ஜேம்ஸின் பெயரைப் பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்ப நன்றியோடு கூறியுள்ளார்.

இன்று நம் காதில் விழும் ஒலிகளுக்கு அளவே இல்லை. கைத்தொலைபேசியைத் தொட்டால் போதும். பாட்டு வந்து கொட்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். ஆனால், காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. ஒரே பாட்டை நூறு முறை கேட்டு, நூற்றோராவது முறையும் அதில் புதிதாக ஒன்றைக் கண்டுகொள்பவருக்கே கேள்வி ஞானம் வாய்க்கும். பாட்டுக்கு மட்டுமன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் எந்தக் கல்விக்கும் இது பொருந்தும். பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவரிடம், காலம் வரும்போது, சொல்வதற்கும் ஏதோ ஒன்று இருக்கும்.